விளையாட்டுப் பொருளும் விளையாடும் பொழுதும்

பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரு விளையாட்டுப் பொருள் வாங்குதல் மிக எளிய காரியம் என்று பலர் கருதுவர். கடைக்குச் செல்வர், கண்ணைக் கவர்வது எதுவோ அதனை எடுப்பர், கேட்ட விலையைக் கொடுப்பர், வர்ணத்தாளிற் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவர். பிள்ளையும் துள்ளிக் குதித்து வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு மாதம் கழிந்தபின் அப்பொருள் எங்கே இருக்கின்றது என்று தேடிப் பார்த்தால், அது பெரும்பாலும் இரண்டில் ஓரிடத்திலே காணப்படும். ஒன்றில், உடைந்துபோய் வளவின் மூலையிலே கிடக்கும். அல்லது, உடைந்துவிடும் என்ற அச்சத்தினாற் கண்ணாடி அலுமாரிக்குள்ளே பூட்டப்பட்டிருக்கும். உடைந்த பொருளைப் பிள்ளை சில நாளாவது அனுபவித்தது. அலுமாரியில் இருக்கும் பொருளை வீட்டுக்கு வரும் விருந்தினர் மாத்திரமே அனுபவிக்கின்றனர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் காலங்கள் பல. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார், நோன்புப் பெருநாள் ஆகியன ஒருபுறம், பிறந்தநாள் மற்றொருபுறம். புத்தாண்டன்று பெரியோர் கொடுத்த கைவிசேடத்தைச் சேர்த்துவைத்துத் தாமே ஒரு பந்து வாங்கிக்கொள்ளும் சிறுவரும் உளர். இவற்றுக்கெல்லாம் மேலாக நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் வருகின்றது. கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரையுள்ள 25 நாளும் கோயிற் சுற்றாடலிலே விளையாட்டுப் பொருட் கடைகள் நிரம்பியிருக்கும். கனடா, இங்கிலாந்து, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழும் மாமன்மாரும் சித்திமாரும் ஊருக்கு வருவதும் பெரும்பாலும் அக்காலத்திலேயே. கொடுக்க விரும்புவோருக்குக் குறைவில்லை. வாங்குதற்குப் பொருளுக்கும் குறைவில்லை. எதனைக் கொடுப்பது, எவ்வாறு கொடுப்பது என்னும் சிந்தனைக்கே குறைவுண்டு.

விளையாட்டை வீண்பொழுது என்று கருதும் வழக்கம் தமிழருடைய பழைய வழக்கமன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் சிறப்பைக் கூறும் பட்டினப்பாலையிலே, குதிரை பூட்டாமற் சிறுவர் உருட்டித் திரியும் மூன்று சில்லுச் சிறுதேர் இடம்பெறுகின்றது. நெல்லைத் தின்ன வந்த கோழியின் மீது பெண்கள் கழற்றி எறிந்த கனத்த காதணி, அந்தச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கின்றதாம். பெருநகரொன்றின் வளத்தைக் காட்ட வந்த புலவர், பிள்ளையின் விளையாட்டுத் தேரையும் அங்கே மறவாது வைத்தார். பின்னாளிற் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களோ குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்து, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களைச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என விளையாட்டின் பெயராலேயே வழங்கினர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானையும் ஊசலும் வருகின்றன. இவற்றிலெல்லாம் ஓர் ஒற்றுமை உண்டு. சிற்றில் கட்டப்படுகின்றது, சிதைக்கப்படுகின்றது, பறை முழக்கப்படுகின்றது, தேர் உருட்டப்படுகின்றது, ஊசல் உந்தப்படுகின்றது. பிள்ளை சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் விளையாட்டு ஒன்றேனும் அங்கே இல்லை.

மேனாட்டுக் கல்வியாளரும் இவ்வுண்மையையே வேறு வழியாற் கண்டனர். செருமனி தேசத்தவரான புரோபல் என்பார் 1837 ஆம் ஆண்டிலே பிளாங்கன்பேர்க் என்னும் ஊரில் இளஞ்சிறாருக்கென ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் பெயரை 1840 ஆம் ஆண்டிலே அதற்கு இட்டார். கம்பளி நூற் பந்து, மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை, சிறு கட்டைகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி அவர் பிள்ளைகளின் கையிலே கொடுத்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘கொடைகள்’ என்பதாகும். அவற்றிலே சாவி இல்லை, ஓசை இல்லை, மினுக்கும் இல்லை. பிள்ளையின் கை தொட்டபோதுதான் அவை வீடாயின, பாலமாயின, வண்டியாயின. பின்வந்த மொண்டிசோரி அம்மையார் 1939 ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து பல ஆண்டுகள் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944 ஆம் ஆண்டில் இலங்கையிலும் வகுப்பு நடத்தினார். கையினாற் செய்து அறிவதே பிள்ளையின் கல்வி என்பது அவர் போதித்தவற்றின் சாரம்.

இதனை அறிந்துகொள்ள யாழ்ப்பாணத்தார் தொலைவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. நுங்கு குடித்த கோம்பைகள் இரண்டை ஒரு தடியாற் கோத்து, கவைக்கம்பினால் உந்தி ஒழுங்கை முழுவதும் ஓட்டிய வண்டி இந்த மண்ணின் சிறுதேரேயாகும். பனையோலைக் காற்றாடி, ஓலைக் கிலுகிலுப்பை, தென்னோலைப் பாம்பு, பூவரசம் இலையைச் சுருட்டி ஊதும் குழல் என்பனவும் அவ்வினத்தனவே. 1990 ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபின், சில ஆண்டுகளாகக் குடாநாட்டுக்குள் பற்றறி எனப்படும் உலர்மின்கலம் கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டிருந்தது. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் சில்லைச் சுழற்றித் தைனமோவிலிருந்து பெற்ற மின்சாரத்தினால் மக்கள் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. மின்கலத்தால் ஓடும் பொம்மைகள் அக்காலத்தில் அசைவற்றுக் கிடந்தன. போளையும் பம்பரமும் கிட்டிப்புள்ளும் கொக்கானும் ஓயவில்லை. அந்நாளின் துன்பத்தை எவரும் மீண்டும் விரும்பார். எனினும், பிள்ளையின் கையையும் மனத்தையும் நம்பி நிற்கும் விளையாட்டு எத்தகைய காலத்தையும் தாங்கும் என்பது அப்போது தெளிவாயிற்று.

ஆகவே, ஒரு விளையாட்டுப் பொருளைத் தெரிந்தெடுப்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, ‘இது என்ன செய்யும்?’ என்பதன்று, ‘இதனைக் கொண்டு பிள்ளை என்ன செய்யும்?’ என்பதே. பொத்தானை அழுத்தியவுடன் ஒளிவீசி, பாடி, ஆடி, சுழன்று வரும் மோட்டார்வண்டியைப் பிள்ளை முதல்நாள் வியந்து நோக்கும். இரண்டாம் நாள் அயல்வீட்டுப் பிள்ளைக்குக் காட்டும். மூன்றாம் நாள் அதற்குச் செய்வதற்கு ஒன்றும் இராது. பின்னர் அதனைக் கழற்றி உள்ளே என்ன இருக்கின்றதென்று பார்க்கும். அதற்காக அடியும் வாங்கும். உண்மையில், அந்த வண்டியோடு பிள்ளை செய்த முதலாவது பயனுள்ள காரியம் அதனைக் கழற்றியதேயாகும்.

இதற்கு மாறாக ஒரு பட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். வாடைக்காற்று வீசும் காலத்திலே வடமராட்சியின் வானத்தைப் பார்த்தவர்கள் இதன் அருமையை அறிவர். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப்போட்டியைக் காணப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரளுவர். அங்கே ஏறும் பெரும் பட்டங்களைக் கட்டுவோர் பலரும் ஒருகாலத்தில் ஈர்க்கும் தாளும் பசையுமாக முற்றத்தில் இருந்த சிறுவர்களே. பட்டம் கட்டும் பிள்ளை மூங்கிலைச் சீவி இருபக்க நிறையும் ஒத்திருக்கின்றதா என்று விரல்மேல் வைத்துப் பார்க்கின்றது. முச்சை கட்டும்போது கோணத்தைக் கற்கின்றது. வால் நீண்டால் என்ன நிகழும், குறுகினால் என்ன நிகழும் என்பதைக் காற்றிடமே கேட்டு அறிகின்றது. விண் பூட்டியபோது நாடாவின் அதிர்வே ஓசையாகின்றது என்பதைக் காதாற் கேட்கின்றது. இவற்றையெல்லாம் விஞ்ஞானப் பாடத்திற் பின்னர் படிக்கும்போது அவை அதற்குப் பழகிய செய்திகளாக இருக்கும். எனவே பட்டத்தைப் பரிசளிக்க விரும்பும் மாமனார் கடையில் தொங்கும் முடிந்த பட்டத்தை வாங்குவதிலும், மூங்கிலும் தாளும் நூலும் வாங்கிவந்து, ஒரு பிற்பகற்பொழுது மருமகனோடோ மருமகளோடோ முற்றத்தில் இருத்தல் சிறந்தது. மின்கம்பி செல்லும் இடத்திலே பட்டம் ஏற்றலாகாது என்ற எச்சரிக்கையும் அப்பொழுதே இயல்பாகச் சொல்லப்பட்டுவிடும்.

இரண்டாவது கேள்வி, ‘இதனைப் பிள்ளை எவரோடு விளையாடும்?’ என்பது. தனியே இருந்து விளையாடும் பொருளும் வேண்டியதே. ஆயினும் ஒரு வீட்டிலே தமையனும் தங்கையும் அம்மம்மாவும் ஒருங்கே அமரத்தக்க பொருள் ஒன்றாவது இருத்தல் வேண்டும். சதுரங்கம், கரம், தாயம், பாம்பும் ஏணியும், பல்லாங்குழி என்பன அத்தகையவை. பதினான்கு குழியும் ஒரு பிடி புளியங்கொட்டையும் கொண்ட பல்லாங்குழி, எண்ணவும் கூட்டவும் முன்னோக்கி நினைக்கவும் பழக்குகின்றது. நாயும் புலியும் ஆடுதற்கு நிலத்திலே கரியாற் கீறிய கோடுகளே போதும். இவ்விளையாட்டுக்களிலே பிள்ளை தன் முறை வரும்வரை பொறுத்திருக்கப் பழகுகின்றது; தோற்றபின்னும் எழுந்து ஓடாமல் மீண்டும் காய் அடுக்கப் பழகுகின்றது. எந்தப் புத்தகமும் இவற்றை இத்துணை எளிதாகக் கற்பிப்பதில்லை.

சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்துக்கு ஆறாம் வயதிலே சதுரங்கம் கற்பித்தவர் அவருடைய தாயார். 2000 ஆம் ஆண்டில் அவர் உலக வெற்றிவீரர் ஆனார். அதே நகரத்து வைசாலி என்னும் சிறுமி தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தைக் குறைக்கும்பொருட்டுப் பெற்றார் அவரைச் சதுரங்கம் பயில விட்டனர். தமக்கை விளையாடுவதைப் பார்த்திருந்த தம்பி பிரஞ்ஞானந்தாவும் பலகையின் முன் அமர்ந்தார். இருவரும் இன்று ‘கிராண்ட் மாஸ்ரர்’ பட்டம் பெற்றவர்கள். எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு ஆகவேண்டும் என்பது இதன் கருத்தன்று. ஒரு சதுரங்கப் பலகையின் விலை அதிகமன்று. எதிரே அமர ஒருவர் இருந்தமையே அப்பலகைக்கு உயிர் கொடுத்தது என்பதே கவனிக்கத்தக்கது.

மூன்றாவதாக, வயது நோக்கப்பட வேண்டும். ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைக்குக் கட்டைகள், களிமண், வர்ணச் சுண்ணக்கட்டி, பந்து, கயிறு, பாவைப்பிள்ளை, சிறு சமையற் பாத்திரங்கள் ஆகியன ஏற்றவை. மரவேலை செய்பவரிடம் எஞ்சிய வேம்பு, பூவரசந் துண்டுகளை வாங்கி, அரத்தாளால் நன்றாகத் தேய்த்துக் கொடுத்தால் அதுவே சிறந்த பரிசாகும். எட்டு முதல் பத்து வயது வரை விதிகளுள்ள விளையாட்டிலே பிள்ளைக்கு விருப்பம் மிகும். தாயமும் கரமும் பொருத்துபடங்களும் கட்டுமானப் பெட்டிகளும் அப்பருவத்துக்கு உரியன. டென்மார்க்கு நாட்டு லெகோக் கட்டைகள் 1958 ஆம் ஆண்டில் அமைந்த இணைப்பு முறையையே இன்றும் கொண்டுள்ளன. அன்றைய கட்டையோடு இன்றைய கட்டை பொருந்தும். அவ்வாறு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கொடுக்கத்தக்க பொருள், ஒரே நாளில் தீர்ந்துபோகும் விலையுயர்ந்த பொருளிலும் மேலானது. பதினொரு வயதுக்கு மேற்பட்டோருக்கு உதைபந்து, கரப்பந்து, பூப்பந்து மட்டை, சதுரங்கம், உருப்பெருக்கும் கண்ணாடி, சிறு ஆயுதப்பெட்டி, துவிச்சக்கரவண்டி ஆகியவற்றுள் ஒன்றை, அவர்தம் விருப்பத்தைக் கேட்டறிந்து கொடுக்கலாம்.

ஆணுக்குப் பந்து, பெண்ணுக்குப் பாவை என்று வகுக்கும் வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்தல் நலம். கிளித்தட்டிலே ஓடி மறிக்கும் சிறுமியரின் சுறுசுறுப்பைக் கண்டவர் அவர்களுக்குப் பந்து வேண்டாம் எனக் கூறார். தம்பியைத் தோளிற் சுமக்கும் சிறுவன் ஒரு பாவைப்பிள்ளைக்குச் சோறூட்டினாலும் இழிவொன்றுமில்லை. ஓடமுடியாத பிள்ளை உள்ள வீட்டுக்குப் பரிசு கொண்டுசெல்பவர், அப்பிள்ளையும் அமர்ந்தவாறே சமமாகக் கலந்து ஆடத்தக்க பொருளை நினைந்து வாங்குதல் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் இரண்டொரு செய்திகளை மனங்கொள்ளல் நன்று. கனடாவிலே வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 120 வோல்ற்று. இலங்கையிலே 230 வோல்ற்று. அங்கே வாங்கிய மின்னேற்றியிலே இரண்டு அழுத்தங்களும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாராமற் கொண்டுவந்து இங்கே செருகினால், பரிசு கொடுத்த அன்றைக்கே அது கருகிப்போகும். இன்னொன்று, கைத்தொலைபேசியும் கைக்கணினியும் பற்றியது. அவற்றினாற் பயனில்லை எனக் கூறல் பொருந்தாது. ஆனால் அவை பிள்ளையின் கைக்கு வந்தபின், ஏனைய விளையாட்டெல்லாவற்றின் பொழுதையும் தாமே விழுங்கிவிடும். அப்பொருளைக் கொடுக்க விரும்புவோர் பெற்றாரின் சம்மதத்தை முன்னரே பெறுதல் வேண்டும். கொடுத்தவர் விமானம் ஏறிப் போய்விடுவார். நாடோறும் அதனைப் பிள்ளையிடமிருந்து வாங்கிவைக்கும் பாடு தாய்க்கே உரியதாகும்.

ஆபத்து விளைக்கும் பொருள்களையும் இங்கே கூறாதிருத்தல் ஆகாது. பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள வீட்டிலே தவழும் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். பொத்தான் போன்ற சிறு மின்கலத்தைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயிலே தங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடும் புண் உண்டாகலாம். விழுங்கப்பட்ட வலிய சிறு காந்தங்கள் குடலின் இரு மடிப்புக்களை இழுத்துப் பிணித்து உயிருக்கே ஊறு செய்யும். இவற்றுள் ஒன்றை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மின்கல அறை திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கின்றதா, வர்ணம் உரிந்து வருகின்றதா, கூரிய விளிம்பு உண்டா என்று கடையிலேயே பார்த்தல் தகும்.

விளையாட்டுத் துப்பாக்கியைப் பற்றி வேறிடங்களில் வாழ்வோர் எவ்வாறு கருதினாலும், 1983 ஆம் ஆண்டு முதல் 2009 ஆம் ஆண்டு வரை போரைக் கண்ட மண்ணிலே அதனைப் பரிசாக நீட்டுமுன் பெரியோர் ஒருகணம் நிற்றல் வேண்டும். பிள்ளை தானே ஒரு தடியை எடுத்துத் துப்பாக்கியென்று பாவனை செய்தால் அதனை அடித்துத் திருத்த வேண்டியதில்லை. அடுத்த நாழிகையிலே அத்தடி குதிரையாகும், துடுப்பாகும். பெரியவர் பணங்கொடுத்து வாங்கிக் கையிலே வைப்பது வேறு. ஒரு மகனையோ கணவனையோ இழந்த அம்மம்மா அதே விறாந்தையில் அமர்ந்திருக்கின்றார் என்பதை மறக்கலாகாது. வெடியாத பொருட்கள் மண்ணுள் எஞ்சிய இடங்களிலே, வெளியிற் கண்டெடுத்த எதனையும் விளையாட்டுப் பொருளாகக் கொள்ளலாகாது என்று பள்ளிக்கூடங்களில் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. அப்பாடத்தை வீட்டாரும் மறவாது சொல்லிக்கொடுத்தல் கடன்.

இவையெல்லாம் சரியாக அமைந்தபின்னும் ஒரு குறை எஞ்சி நிற்கின்றது. குடாநாட்டுப் பிள்ளையின் நாளை எடுத்து நோக்குக. காலையிற் பள்ளிக்கூடம், பிற்பகலில் தனியார் வகுப்பு, மாலையில் இன்னொரு வகுப்பு, இரவில் வீட்டுப்பாடம், சனி ஞாயிறுகளில் மாதிரிவினாத்தாள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கும் ஆண்டிலே பத்து வயதுப் பிள்ளைக்கு ஒழுங்கையில் இறங்குதற்கே வேளை இல்லை. அப்பிள்ளைக்கு மாமனார் ஓர் உதைபந்து கொண்டுவருகின்றார். ‘பரீட்சை முடியட்டும்’ என்று தாயார் அதனை அலுமாரியின் மேல் வைக்கின்றார். பந்து காற்றிறங்கி இருக்கின்றது. பெற்றார் கொடியவர் அல்லர். கல்வியன்றி வேறு செல்வம் நிலையாது என்பதைப் பலமுறை இடம்பெயர்ந்து கண்ட தலைமுறையினர் அவர்கள். அவர்களுடைய அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் விளையாட்டைக் கல்வியின் பகைவனாக எண்ணுவது அச்சத்தின் பிழையான கணக்காகும். ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் நன்கு இயங்க ஆடிப்பாடித் திரிதல் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஐக்கிய நாடுகள் சபை 1989 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கின்றது. 1991 ஆம் ஆண்டில் இலங்கையும் அதனை ஏற்றது.

உரிமை என்பதனாலேயே அது கூலியாக மாறுதல் கூடாது. ‘இத்தனை புள்ளி எடுத்தால் துவிச்சக்கரவண்டி’ என்று விலை பேசும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. புள்ளி எடுத்த பிள்ளைக்கு அது சம்பளமாகின்றது. எடுக்காத பிள்ளைக்குத் தண்டனையாகின்றது. இருவருக்கும் அது பரிசாக அமைவதில்லை. ஒரு வகுப்பிலே பரீட்சையிற் சித்தியடைவோர் சிலர். துவிச்சக்கரவண்டியில் ஏறிக் காற்று முகத்தில் மோதச் செல்லும் இன்பமோ எல்லாப் பிள்ளைக்கும் பொது. தேர்ச்சி பெற்றவனைப் பாராட்டுக. தவறியவனுக்கும் பொங்கலன்று பட்டம் கட்டிக்கொடுக்குக.

வசதி குறைந்த வீட்டார் இவை தமக்கு உரியன அல்ல என்று எண்ண வேண்டுவதில்லை. கிளித்தட்டுக்குத் தேவையானது நிலத்திலே கீறிய கோடு. பேணிப்பந்துக்குச் சில வெறும் பேணிகளும் ஒரு பந்தும். கொக்கானுக்குச் சில கற்கள். ஓரளவு வசதியுள்ளோர் ஒரு பிள்ளைக்கு ஐந்து பொருள் வாங்குவதை விட்டு, ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரும் கூடி ஆடத்தக்க ஒரு கரப்பந்தும் வலையும் வாங்கிக் கொடுத்தால், பரிசு பெற்ற பிள்ளைக்குத் தோழரும் கிடைப்பர். பொருள் பழுதானால் எறிந்துவிடாது, பிள்ளையை அருகில் இருத்தித் திருத்துவதும் நல்ல விளையாட்டே.

வரும் பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ ஒரு விளையாட்டுப் பொருள் வாங்க எண்ணுவோர், அதனோடு இரண்டு பொருள்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். அவை கடையிற் கிடைப்பனவல்ல. அவற்றை வர்ணத்தாளிற் சுற்றவும் இயலாது. ஒன்று, கொடுப்பவர் பிள்ளையோடு அமர்ந்து ஆடும் முதல் அரைமணிநேரம். மற்றது, பெற்றார் நாடோறும் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கும் ஒரு மாலைப்பொழுது. வகுப்புக்கும் பொழுது படுவதற்கும் இடையிலே அந்த ஒரு மணித்தியாலம் கிடைக்குமாயின், ஐந்து ரூபாய்ப் போளையும் அருமையான பரிசாகும். அது கிடையாதாயின், ரொறன்ரோவிலிருந்து வந்த பெட்டியும் அலுமாரிக்கே அணியாகும்.